போன மெயில் எங்கே நின்றது? போஸ்ட்ஃபிக்ஸ் லாகை ஸ்கிரிப்ட் வைத்துத் தேடும் முறை

“நேற்று பத்து மணிக்கு அனுப்பினேன், அவருக்குப் போய்ச் சேரவில்லை” என்று ஒருவர் வந்து நின்றால், பதில் சர்வரின் லாகில், அதாவது நடந்ததை வரி வரியாக எழுதி வைக்கும் பதிவில், இருக்கிறது. புதிதாக மெயில் சர்வர் பார்க்க வந்தவர் அந்த முகவரியைக் கிரெப் என்ற தேடல் கட்டளையில் போட்டு, வந்து விழும் ஒன்றிரண்டு வரியை மட்டும் படித்துவிட்டு “போய்விட்டது” என்கிறார். பாதி நேரம் அது தவறான பதில். ஏனென்றால் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளில் ஒரு மெயிலின் கதை ஒரே வரியில் இருக்காது. ஐந்தாறு வரிகளாகச் சிதறி, நடுவே மற்றவர்களின் மெயில் வரிகள் புகுந்து கிடக்கும். அவற்றைக் கோத்து எடுப்பது கியூ ஐடி என்னும் ஒரே நூல்தான்: அனுப்பக் காத்திருக்கும் வரிசையில் (கியூவில்) ஒவ்வொரு மெயிலுக்கும் சர்வர் கொடுக்கும் அடையாளம். முகவரியை வைத்து கியூ ஐடியைக் கண்டுபிடி, கியூ ஐடியை வைத்து முழுக்கதையையும் எடு: இங்கே எழுதப்போகும் ஸ்கிரிப்ட்டின் வேலை இவ்வளவுதான்.

கட்டளைகளையும் லாக் சொற்களையும் இங்கே ஒலிப்பு மாறாமல் தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் லாக் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

டெபியன், உபுண்டு சர்வர்களில் /வார்/லாக்/மெயில்.லாக். ரெட் ஹேட் வகையறாவில் (ஆல்மா, ராக்கி உட்பட) நடுவில் புள்ளி இல்லாமல் /வார்/லாக்/மெயில்லாக். டெபியன் 12-ஐப் புதிதாக நிறுவியிருந்தால், லாகைக் கோப்பில் எழுதும் ஆர்சிஸ்லாக் தானாக வராது. கோப்பே இருக்காது, எல்லாம் சர்வரின் பொதுப் பதிவான ஜர்னலில் இருக்கும், ஜர்னல்சிடிஎல் வழியாகத்தான் படிக்க வேண்டும். மெயில் சர்வருக்கு ஆர்சிஸ்லாகையும் நிறுவிக்கொள்வதே நல்லது என்பது எங்கள் கருத்து. பழைய நாட்களைத் தேடுவது கோப்புகளில் எளிது. தவிர, ஜர்னலுக்கு வேகக் கட்டுப்பாடு உண்டு. இயல்பு அமைப்பில் ஒரு சேவை 30 விநாடிக்குள் 10,000 வரிகளுக்கு மேல் எழுதத் தொடங்கினால் மிச்சத்தை விட்டுவிடும். ஸ்பேம் வெள்ளம் வருகிற நேரத்தில், அதாவது லாக் நமக்கு மிகவும் வேண்டிய நேரத்தில், வரிகள் காணாமல் போகும். போஸ்ட்ஃபிக்ஸ் 3.4 முதல் மெயில்லாக்_ஃபைல் என்ற அமைப்பு இருக்கிறது. அதை வைத்தால் சிஸ்லாக் இல்லாமலே தன் கோப்பில் தானே எழுதிக்கொள்ளும்.

படிக்க அனுமதி வேண்டும். டெபியனில் உங்கள் பயனரை ‘ஏடிஎம்’ குழுவில் சேர்த்தால் போதும். லாக் படிப்பதற்காக ரூட்டாக (முழு அதிகாரப் பயனராக) நுழைகிற பழக்கம் வேண்டாம்.

ஒரு மெயிலின் வரிகள்

கீழே இருப்பது இரண்டு பேருக்குப் போன ஒரே மெயில். தேதியையும் சர்வர் பெயரையும் இடம் கருதி வெட்டியிருக்கிறோம். நிஜ கியூ ஐடியில் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் கலந்திருக்கும். இங்கே இலக்கமாகவே வைத்திருக்கிறோம்.

எஸ்எம்டிபிடி[2184]: 9104726358: கிளையன்ட்=பிசி7.எக்ஸாம்பிள்.காம்[192.0.2.17], சாஸ்ல்_யூசர்நேம்=குமார்
கிளீனப்[2190]: 9104726358: மெசேஜ்-ஐடி=<5521@எக்ஸாம்பிள்.காம்>
கியூஎம்ஜிஆர்[811]: 9104726358: ஃப்ரம்=<குமார்@எக்ஸாம்பிள்.காம்>, சைஸ்=48213, என்ஆர்சிபிடி=2
எஸ்எம்டிபி[2195]: 9104726358: டு=<ஆபீஸ்@எக்ஸாம்பிள்.ஆர்க்>, ரிலே=எம்எக்ஸ்.எக்ஸாம்பிள்.ஆர்க்[198.51.100.9]:25, டிலே=1.9, டிலேஸ்=0.2/0.01/0.7/1, டிஎஸ்என்=2.0.0, ஸ்டேட்டஸ்=சென்ட்
எஸ்எம்டிபி[2196]: 9104726358: டு=<கணக்கு@எக்ஸாம்பிள்.நெட்>, ரிலே=நன், டிலே=30, டிலேஸ்=0.2/0.02/30/0, டிஎஸ்என்=4.4.1, ஸ்டேட்டஸ்=டிஃபர்டு

அனுப்பியவர் பெயர் மூன்றாவது வரியில். பெறுபவர்கள் நான்காவதிலும் ஐந்தாவதிலும். இருவரும் ஒரே வரியில் சேர்ந்து வரவே இல்லை. “ஃப்ரம் இவர், டு அவர்” என்று ஒரே கிரெப்பில் இரண்டையும் சேர்த்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காதது இதனால்தான். என்ஆர்சிபிடி=2 என்றால் இரண்டு பெறுநர்; ஆகவே குறைந்தது இரண்டு டு= வரிகளைப் பார்க்காமல் தீர்ப்பு சொல்லக்கூடாது. கடைசியில், மெயில் கியூவை விட்டு நீங்கியதைச் சொல்லும் ‘ரிமூவ்டு’ என்ற வரியும் இல்லை, கவனியுங்கள். இரண்டாவது பெறுநருக்கான மெயில் இன்னும் கியூவில்தான் இருக்கிறது.

டிலேஸ் என்பதில் நான்கு எண்கள். முதலாவது, மெயில் வந்ததிலிருந்து கியூ மேலாளர் கையில் எடுக்கும்வரை ஆன நேரம். இரண்டாவது, அவரிடம் காத்திருந்தது. மூன்றாவது, டிஎன்எஸ் பார்த்து, எதிர்ச் சர்வரோடு இணைப்பு ஏற்படுத்தி, டிஎல்எஸ் பேசி முடித்தது. நான்காவது, மெயிலைக் கடத்தியது. ஐந்தாவது வரியில் மூன்றாவது எண் 30: இணைப்பே கிடைக்காமல், போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான 30 விநாடிக் காத்திருப்பு தீர்ந்துபோனது. அடுத்த முயற்சியில் முதல் எண் 300-ஐத் தாண்டியிருக்கும். அதைப் பார்த்து நம் சர்வர் மந்தமாகிவிட்டது என்று பதறாதீர்கள். முந்தைய முயற்சிக்குப் பிறகு கியூவில் கிடந்த நேரமும் அதில்தான் சேரும்.

கிரெப் மட்டும் போதாத இடங்கள்

எழுதத் தொடங்கும் முன் பொறிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்கிரிப்ட்டின் பாதி இவற்றைத் தவிர்ப்பதுதான்.

நம் ஊரில் எல்லாரையும் கவிழ்க்கும் பொறி பெயர்தான். குமார்@ என்று தேடினால் சிவகுமார், செல்வகுமார், முத்துக்குமார் அத்தனை பேரின் மெயிலும் வந்து நிற்கும். லாகில் முகவரி கோண அடைப்புக்குள் இருப்பதால், தொடக்கக் கோண அடைப்பையும் சேர்த்துத் தேடுங்கள். அடுத்தது புள்ளி. கிரெப்புக்குப் புள்ளி என்றால் ‘ஏதோ ஓர் எழுத்து’. பெரிய எழுத்து எஃப் ஆப்ஷன் கொடுத்தால் புள்ளி புள்ளியாகவே நிற்கும், வேகமும் கூடும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை முகவரியில் கண்டுகொள்ள வேண்டாம். ஆனால் கியூ ஐடியில் கட்டாயம் பார்க்க வேண்டும். காரணம் சற்றுக் கீழே.

தேதியில் இன்னொன்று. பழைய சிஸ்லாக் வடிவத்தில் ஆண்டு கிடையாது. ஒற்றை இலக்கத் தேதிக்கு முன் இரண்டு இடைவெளி இருக்கும். ‘மார்ச் 3’ என்று ஒரு இடைவெளி விட்டுத் தேடினால் மூன்றாம் தேதி வராது. முப்பதும் முப்பத்தொன்றும்தான் வரும். டெபியன் 12, உபுண்டு 24.04-இல் ஆர்சிஸ்லாக்கின் இயல்பு வடிவம் மாறிவிட்டது. இப்போது ஆண்டில் தொடங்கி நேர மண்டலத்தில் முடியும் ஒரே சொல்லாக நேரம் வருகிறது. தேடுவதற்கு இதுவே நல்லது. ஆனால் ‘ஆறாவது சொல் கியூ ஐடி’ என்று எண்ணி எழுதிய பழைய ஸ்கிரிப்டுகள் அத்தனையும் மேம்படுத்திய அன்றே செத்துப்போகும். புதிய வடிவத்தில் அது நான்காவது சொல்.

நேர மண்டலத்தையும் சொல்லியாக வேண்டும். வாடகை சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி நேரத்தில் ஓடும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவர் ‘காலை பத்து மணி’ என்றால் லாகில் 04:30. அதிகாலை ஐந்தரைக்கு முன் அனுப்பியது என்றால் முந்தின நாள் தேதியில் இருக்கும். ‘அந்த நேரத்தில் ஒன்றுமே இல்லையே’ என்று சொல்லும் முன் ‘டேட்’ கட்டளையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

இனி ஸ்கிரிப்ட், படிப்படியாக

பாஷில் ஒரு சிறிய கூடு, அதற்குள், உரையை வரி வரியாகப் படிக்கும் ‘ஆக்’ மொழியில் நிரல் ஒன்று. பெர்லோ பைதானோ தெரிந்தவர்கள் அதிலேயே எழுதலாம், தர்க்கம் மாறாது.

1. கூடு முகவரியை முதல் ஆர்க்யுமெண்டாக வாங்கட்டும். வெறுமையாக இருந்தால் பயன்படுத்தும் முறையைச் சொல்லிவிட்டு நிற்கட்டும். இந்தச் சோதனையைத் தவறவிட்டால், வெற்றுச் சொல் எல்லா வரியோடும் பொருந்தி முழு லாகும் திரையில் கொட்டும்.

2. கோப்புகளைக் கால வரிசையில் சேருங்கள். லாக்ரொட்டேட் பழைய கோப்பை மெயில்.லாக்.1 என்று மாற்றும், அதற்கும் பழையவற்றை ஜிஇசட் ஆகச் சுருக்கும். நட்சத்திரக் குறி போட்டு அழைத்தால் ஷெல் அகர வரிசையில் தரும். அதாவது புதியது முதலில், 10 என்பது 2-க்கு முன்னால். எல்எஸ் கட்டளைக்கு டி, ஆர் ஆப்ஷன்களைக் கொடுத்தால் பழையது முதல் புதியது வரை வரும். இசட்கேட் கட்டளைக்குச் சிறிய எழுத்து எஃப் ஆப்ஷன் கொடுத்தால் சுருக்கியதையும் சுருக்காததையும் ஒன்றாகப் படிக்கும். இரண்டுக்கும் தனித்தனியாக எழுதத் தேவையில்லை.

எத்தனை நாள் பின்னோக்கிப் போவது? குறைந்தது ஐந்து. போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு மெயிலை இயல்பாக 5 நாள் வரை கியூவில் வைத்து முயலும். முயற்சிகளுக்கு இடைவெளி 300 விநாடியில் தொடங்கி 4000 விநாடி வரை நீளும். ஞாயிறு வந்த மெயிலின் ஃப்ரம்= வரி போன வாரக் கோப்பிலும் அதன் முடிவு இந்த வாரக் கோப்பிலும் இருக்கக்கூடும். ஆகவே நடப்புக் கோப்போடு முந்தையதையும் எப்போதும் சேருங்கள்.

3. சேர்த்ததை எம்கேடெம்ப் உருவாக்கும் தற்காலிகக் கோப்பில் எழுதுங்கள். கையால் பெயர் வைக்காதீர்கள். எம்கேடெம்ப் கோப்பை உரிமையாளர் மட்டுமே படிக்கும்படி அமைக்கிறது. உள்ளே இருப்பது பிறரின் கடிதத் தொடர்பு விவரம். ஸ்கிரிப்ட் எப்படி முடிந்தாலும் அது அழியும்படி ‘ட்ராப்’ வைத்துவிடுங்கள். லாக் பெரியதாக இருந்தால் /டெம்ப் நினைவகத்தில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் /வார்/டெம்ப் பயன்படுத்துங்கள்.

4. ஆக் நிரலை அதே கோப்பின் மேல் இரண்டு தடவை ஓட்டுங்கள். கோப்புப் பெயரை இருமுறை கொடுத்து, மொத்த வரி எண்ணும் கோப்பு வரி எண்ணும் சமமாக இருக்கிறவரை முதல் ஓட்டம், பிறகு இரண்டாம் ஓட்டம் என்று பிரிப்பது ஆக்கின் பழைய உத்தி. என்ஆர், எஃப்என்ஆர் என்ற இரண்டு மாறிகள்தான் இதற்கு வேண்டும்.

முதல் ஓட்டத்தில்: வரியையும் முகவரியையும் டுலோயர் கொண்டு சிறிய எழுத்தாக்கி, இன்டெக்ஸ் செயல்கூறால் முகவரி இருக்கிறதா என்று பார். இன்டெக்ஸ் சொல்லை அப்படியே தேடும். புள்ளியும் கூட்டல் குறியும் தொந்தரவு செய்யாது. இருந்தால், மாற்றாத மூல வரியிலிருந்து கியூ ஐடியை எடுத்துப் பட்டியலில் போடு.

கியூ ஐடியை எடுக்கச் சொற்களை எண்ணாதீர்கள். வரியில் முதன்முதலாக ‘சதுர அடைப்பு மூடல், முக்காற்புள்ளி, இடைவெளி’ வரும் இடத்தைப் பிடியுங்கள். அதற்கு அடுத்த முக்காற்புள்ளி வரை இருப்பதே ஐடி. தேதி எந்த வடிவத்தில் இருந்தாலும் இது பிழைக்கும்.

இங்கேதான் பெரும்பாலான முதல் ஸ்கிரிப்டுகள் உடைகின்றன. அந்த இடத்தில் எப்போதும் ஐடி இருக்காது. ‘வார்னிங்’ இருக்கலாம், ‘ஸ்டாடிஸ்டிக்ஸ்’ இருக்கலாம், ‘நோகியூ’ இருக்கலாம். ஒரு முகவரி நிராகரிக்கப்பட்ட வரியில் நோகியூ என்று இருந்து, அதை நீங்கள் ஐடியாகப் பட்டியலில் சேர்த்துவிட்டால், இரண்டாம் ஓட்டத்தில் சர்வர் நிராகரித்த அத்தனை ஸ்பேமும் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும். ‘குறைந்தது ஒரு இலக்கம் இருக்க வேண்டும்’ என்ற ஒரு நிபந்தனை போதும். இந்த மூன்று சொற்களிலும் இலக்கம் கிடையாது.

நோகியூ வரிகளைத் தூக்கி எறிந்துவிடவும் கூடாது. முகவரி இருந்தால் அந்த ஒரு வரியை மட்டும் உடனே அச்சிடுங்கள். ‘வெளியிலிருந்து அனுப்பினார்கள், எனக்கு வரவில்லை’ என்ற புகார்களில் பலவற்றுக்கு விடை அங்கேதான். மெயில் உள்ளே வரும் முன்பே வாசலில் திருப்பி அனுப்பப்பட்டது, அதனால் ஐடியே கொடுக்கப்படவில்லை. காரணமும் அதே வரியில் இருக்கும்: 450 என்றால் தற்காலிகம், கிரேலிஸ்டிங் (அறியாதவரை முதல் தடவை திருப்பி, மறுமுயற்சியில் ஏற்பது) வைத்திருந்தால் பெரும்பாலும் அதுதான், 554 என்றால் தீர்க்கமான மறுப்பு.

இரண்டாம் ஓட்டத்தில்: ஒவ்வொரு வரியிலும் அதே முறையில் ஐடியை எடு, பட்டியலில் இருந்தால் அந்த ஐடிக்கு உரிய குவியலில் வரியைச் சேர். முடிவில் குவியல் குவியலாக, நடுவில் வெற்று வரி விட்டு அச்சிடு. ஐடிகள் முதலில் தென்பட்ட வரிசையைத் தனி அணியில் வைத்துக்கொள்ளுங்கள்; ஆக்கின் ஃபார்-இன் சுற்று எந்த வரிசையில் தரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

5. தெரிந்த மெயிலை வைத்துச் சோதியுங்கள். உங்களுக்கே ஒன்று அனுப்புங்கள், இல்லாத முகவரிக்கு ஒன்று அனுப்புங்கள். முதலாவதில் சென்ட்டும் ரிமூவ்டும், இரண்டாவதில் பவுன்ஸும் (மெயில் சேராமல் திரும்பியது) வர வேண்டும். வராவிட்டால் ஸ்கிரிப்ட்டில் செட் -ஈ போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். கிரெப் எதையும் கண்டுபிடிக்காதபோது 1 என்று திரும்பும். செட் -ஈ அதைப் பிழையாக எண்ணி, ஒரு சொல்லும் சொல்லாமல் ஸ்கிரிப்ட்டை நிறுத்திவிடும்.

ஐடி மாறும் இடங்கள்

சர்வரில் ஆமாவிஸ் போன்ற ஸ்பேம் வடிகட்டி இருந்தால் ஒரே மெயிலுக்கு இரண்டு ஐடி. போஸ்ட்ஃபிக்ஸ் அதை 10024 போர்ட்டில் வடிகட்டிக்குக் கொடுக்கும், வடிகட்டி 10025-இல் திருப்பித் தரும். திரும்பி வந்தது போஸ்ட்ஃபிக்ஸுக்குப் புது மெயில். முதல் ஐடியின் ‘சென்ட்’ வரியைப் பார்த்து ‘வெளியே போய்விட்டது’ என்று சொல்வது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அந்த வரியில் ரிலே=127.0.0.1 என்று இருக்கும். மெயில் இன்னும் சர்வரை விட்டு நகரவே இல்லை. வரிக் கடைசியில் ‘கியூட் ஆஸ்’ என்று புது ஐடி இருக்கும். முதல் ஓட்டத்தில் இதையும் பிடித்துப் பட்டியலில் சேருங்கள், ஆனால் ரிலே 127.0.0.1 ஆக இருந்தால் மட்டும். எதிர்ச் சர்வரும் போஸ்ட்ஃபிக்ஸாக இருந்தால் அதுவும் ‘கியூட் ஆஸ்’ என்றுதான் பதில் சொல்லும். அந்த ஐடி அவர்களுடையது, நம் லாகில் தேடிப் பயனில்லை.

பவுன்ஸ் ஆனால், ‘செண்டர் நான்-டெலிவரி நோட்டிஃபிகேஷன்’ என்ற வரியில் இன்னொரு ஐடி பிறக்கும். அதன் ஃப்ரம்= வெறும் கோண அடைப்பாக இருக்கும். அனுப்பியவருக்குத் தகவல் போனதா என்று உறுதிசெய்ய அதையும் தொடரலாம்.

ஐடியைப் பற்றிச் சொல்வதாக இருந்த காரணம் இதுதான். இயல்பான குறுகிய ஐடி, நேரத்தின் மைக்ரோ விநாடிப் பகுதியையும் கியூ கோப்பின் ஐநோட் எண்ணையும் (வட்டில் அந்தக் கோப்புக்குரிய எண்) பதினாறடிமான எண்ணில் சேர்த்து ஆவது. மெயில் போனதும் ஐநோட் விடுபடும். பிறகு என்றோ ஒருநாள் அதே ஐடி வேறு மெயிலுக்கு வந்துவிடலாம். மூன்று மாத லாகை ஒரே மூச்சில் தேடினால் இரண்டு அந்நியர்களின் மெயில் ஒரே குவியலில் விழ வாய்ப்பு உண்டு. ‘ரிமூவ்டு’ வந்ததும் குவியலை மூடிவிட்டால் இது தீரும். இன்னும் சுத்தமான வழி, போஸ்ட்ஃபிக்ஸ் 2.9 முதல் இருக்கும் எனேபிள்_லாங்_கியூ_ஐடிஸ் அமைப்பை ‘எஸ்’ ஆக்குவது. நீண்ட ஐடிகள் திரும்ப வருவதில்லை. அவற்றில் ஆங்கில உயிரெழுத்துகள் இருக்காது, ஆனால் பெரிய, சிறிய எழுத்து இரண்டும் இருக்கும். ஏ முதல் எஃப் வரை மட்டும் எதிர்பார்க்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷனும், எழுத்து வேறுபாடு பார்க்காத தேடலும் இங்கே தோற்றுவிடும்.

கிடைத்ததை எப்படிப் படிப்பது

சென்ட், 250 என்றால் எதிர்ச் சர்வர் பொறுப்பை ஏற்றுக்கொண்டது என்று பொருள். இன்பாக்ஸில் விழுந்ததா, ஸ்பேம் பெட்டியில் விழுந்ததா என்பது நம் லாகுக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் யாருக்கும் உறுதி கொடுக்காதீர்கள். டிஎஸ்என் என்ற நிலைக் குறியீடு 4-இல் தொடங்கினால் மீண்டும் முயலும். 5-இல் தொடங்கினால் முடிந்தது: 5.1.1 பெரும்பாலும் தவறான முகவரி, 5.2.2 பெட்டி நிரம்பியது, 5.7-இல் தொடங்குபவை கொள்கை மறுப்பு, எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் (அனுப்பியவர் உண்மையானவரா என்று சரிபார்க்கும் முறைகள்) பக்கம் பாருங்கள். பெறுநர் முகவரிக்குப் பக்கத்தில் ஒரிஜ்_டு= இருந்தால், எழுதிய முகவரி வேறு, ஏலியாஸ் (மாற்றுப்பெயர்) வழியாக மாறிப் போன முகவரி வேறு.

தலைப்பை வைத்துத் தேட முடியுமா என்று கேட்பார்கள். சப்ஜெக்ட் இயல்பாக லாகில் பதிவாகாது. ஹெடர்_செக்ஸில் இன்ஃபோ செயலை வைத்து அதைப் பதியலாம். ஆனால் அது எல்லாருடைய கடிதத் தலைப்பையும் லாகில் எழுதி வைப்பது. தேவை இல்லாமல் செய்யாதீர்கள்.

இதே ஸ்கிரிப்ட்டைச் சற்று மாற்றி, சாஸ்ல்_யூசர்நேம்= மதிப்பை (உள்நுழைந்து அனுப்பியவரின் பெயர்) மட்டும் எடுத்து, சார்ட், யூனிக் சி, மறுபடி தலைகீழ் சார்ட் என்று கோத்தால், யார் எத்தனை மெயில் அனுப்பினார்கள் என்ற பட்டியல் கிடைக்கும். நாளுக்கு முப்பது மெயில் அனுப்புகிறவர் பெயரில் ஓரிரவில் பல்லாயிரம் இருந்தால், கடவுச்சொல் களவுபோயிருக்கிறது. வேறு எதையும் ஆராயும் முன் அந்தக் கணக்கை முடக்குங்கள்.

எக்ஸிம் என்ற வேறு மெயில் சர்வர் வைத்திருப்பவர்கள் இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. எக்ஸிகிரெப் என்ற கருவி அதனுடனேயே வருகிறது. ஒரு மெயிலின் எல்லா வரிகளையும் அதுவே சேர்த்துத் தரும். போஸ்ட்ஃபிக்ஸ் மூலக்கோப்புகளில் ஆக்சிலரி அடைவுக்குள் கொலேட் என்ற பெர்ல் ஸ்கிரிப்ட் கிடக்கிறது. உங்களுடையதை எழுதி முடித்ததும் அதைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

புகார் சொன்னவருக்குப் பதில் எழுதும்போது நேரத்தை அவருடைய நேரத்துக்கு மாற்றிக் கொடுங்கள். எதிர்ச் சர்வர் சொன்ன பதிலை, அடைப்புக்குள் இருப்பதை, ஒரு எழுத்தும் மாற்றாமல் ஒட்டுங்கள்; ‘கியூட் ஆஸ்’ ஐடி இருந்தால் அதையும் சேர்த்து. அந்தப் பக்கத்து நிர்வாகி தன் லாகில் தேட அது ஒன்றே போதும். அதற்குமுன், தொடர்பில்லாத பிறரின் முகவரிகள் அந்த வரிகளில் ஒட்டிக்கொண்டிருந்தால் அழித்துவிடுங்கள்.